'டார்கு': உழைப்பின் அளவும் ஒரு சொல்லின் வரலாறும்

சொற்களின் வரலாற்றை ஒலிமாற்றங்களின் வரலாறாக மட்டுமே காணும் போக்கு மொழிநூலாரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. ஒரு சொல்லை எவர், எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் நின்று வழங்கினர் என்ற வினா அப்போக்கில் எழுவதேயில்லை. ஸ்கொத்லாந்தின் ஸ்கொட்ஸ் மொழியில் அன்றாடம் வழங்கிய சொல்லொன்றை முன்வைத்து அவ்வினாவை நாம் ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம்.

ஸ்கொட்ஸ், பழைய ஆங்கிலத்தின் வட கிளைவழக்கிலிருந்து வளர்ந்த மொழி; அந்நாட்டின் கெயிலிக் மொழியினின்றும் வேறானது. 16ஆம் நூற்றாண்டில் அது அரசவையினதும் நீதிமன்றினதும் மொழியாயிருந்தது. 1603இல் இரு நாடுகளின் முடிகளும் ஒரே மன்னனிடம் சேர்ந்ததும் அரசவை இலண்டனுக்குப் பெயர்ந்தது. 1707இல் பாராளுமன்றமும் அவ்வாறே சென்றது. மேல்தட்டினர் ஆங்கிலத்தை வரித்துக்கொண்டனர். தத்துவஞானி டேவிட் ஹியூமே, எழுத்தில் தவிர்க்கவேண்டிய ஸ்கொட்ஸ் வழக்குகளைப் பட்டியலிட்டு 1752இல் வெளியிட்டார் என்பது மனங்கொளத்தக்கது. வயலிலும் சுரங்கத்திலும் உழைத்தோர் வாயிலேயே அம்மொழி பெரிதும் நிலைத்தது.

'டார்கு' அவர்களது சொல். 'நாள்வேலை' எனப் பொருள்படும் பழைய கூட்டுச் சொல்லொன்றின் மரூஉ அது. அகராதி அவ்வளவோடு நின்றுவிடும். ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் இச்சொல் பெற்ற பொருள் வேறு. 1606ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஸ்கொத்லாந்தின் நிலக்கரித் தொழிலாளரை எசமானரோடு பிணைத்தது. சுரங்கம் கைமாறியபோது அவர்களும் கைமாறினர். 1775இல் தளர்த்தப்பட்ட அப்பிணைப்பு 1799இலேயே முற்றாக நீங்கிற்று. அடுத்த நூற்றாண்டில், அவ்விதம் பிணைக்கப்பட்டிருந்தோரின் வழிவந்தவர்கள் லனார்க்ஷயரில் 'சிறு டார்கு' என்னும் உத்தியைக் கையாண்டனர். கூலி, வெட்டிய கரியின் அளவுக்கேற்ப அமைந்தது. கரி மிகுந்து விலை சரிந்தாற் கூலி வீதமும் சரியும். எனவே நாளொன்றுக்கு இன்ன அளவுக்குமேல் எவரும் வெட்டுவதில்லை எனத் தம்முள் உடன்பட்டனர். நாளின் உழைப்பு எவ்வளவு என்பதை உழைப்பவனே வரையறுத்தான். இவ்வுடன்பாடு எப்போதும் நிலைத்ததன்று. வேலையற்றோர் பெருகிய காலங்களில் அது குலைந்தது. எனினும், பிறர் சுமத்திய அளவைக் குறிக்கத்தக்க சொல்லொன்று எதிர்ப்பின் அளவாக மாறியமையை ஒலிநூல் எதுவும் விளக்கிவிடாது.

2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 15 இலட்சத்துக்கும் அதிகமானோர் தமக்கு ஸ்கொட்ஸ் பேசத் தெரியும் என்றனர். 2025இல் நிறைவேறிய சட்டம் அதற்கு உத்தியோக அந்தஸ்தை அளித்துள்ளது. அந்நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமோ 2002இலேயே மூடப்பட்டுவிட்டது.