டாங்யா: ஒரு சொல்லும் ஒரு பாடத்திட்டமும்

வேளாண் காடுகள் பற்றிய பல்கலைக்கழகப் பாடநூல்களில் 'டாங்யா' என்றொரு சொல் வரும். மரக்கன்று நட்டு, இடைவெளியில் சில வருஷம் பயிர் வைத்து, மரம் நிழல் கட்டியதும் பயிரை விட்டுவிடுகிற முறை என்று விளக்கம் இருக்கும். மாணவன் மனப்பாடம் செய்வான், பரீட்சையோடு சரி. உண்மையில் அது பர்மியச் சொல். மலைச் சாகுபடி என்று பொருள். காட்டை வெட்டி, எரித்து, விதைத்து, பிறகு நிலத்தை ஆறவிட்டு வேறிடம் பெயரும் மக்களின் விவசாயத்துக்கு அந்த மண்ணில் வழங்கிய பெயர். அந்தப் பெயர் வகுப்பறைக்கு எப்படி வந்தது, வருகிற வழியில் எதை இழந்தது என்று பார்த்தால் இயற்கை வளக் கல்வியின் பிறப்பும் தெரிந்துவிடும்.

1852இல் ஆங்கிலேயர் பெகுவைப் பிடித்தனர். கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. பான் நகரத்துத் தாவரவியலாளரான டீட்ரிச் பிராண்டிஸ் 1856இல் அந்தத் தேக்குக் காடுகளுக்கு அதிகாரியாக வந்தார். கரேன் மக்கள் எரிக்கிற காட்டில் தேக்கும் சேர்ந்து எரிந்தது. அவர்களை விரட்டலாம்; ஆனால் விரட்டிவிட்டால் கன்று நட ஆள் ஏது? ஆகவே எரித்த புனத்தில் நெல்லோடு தேக்கையும் அவர்களே விதைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நெல் கரேனுக்கு, தேக்கு சர்க்காருக்கு. சில வருஷத்தில் அவர்கள் அடுத்த புனத்துக்குப் போவார்கள். பின்னால் தேக்குத் தோப்பு நிற்கும். திரும்பிவர அங்கே நிலம் இருக்காது.

ஏறக்குறைய இதே வருஷங்களில் சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு. காடுகளுக்குப் பொறுப்பாயிருந்த ஹ்யூ க்ளெகார்னின் முயற்சியால் 1860இல் குமரி சாகுபடி தடைக்குள்ளாயிற்று. ஒரே விவசாயம்தான். தேக்குக்கு உதவினால் தொழில்நுட்பம், உதவாவிட்டால் குற்றம். இந்தப் பாகுபாட்டைச் செய்தது தாவரவியல் அல்ல, அரசின் தேவைதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1864இல் பிராண்டிஸ் இந்தியக் காடுகளின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். காடு யாருடையது என்ற கேள்வி அப்போது அரசுக்குள்ளேயே தீராத சண்டையாக இருந்தது. முழுக்க அரசுடையது என்று பேடன் பவல் வாதிட்டார். பிராண்டிஸ் கிராமக் காடுகளுக்கும் இடம் வேண்டும் என்றார். சென்னை ரெவின்யூ போர்டோ, இங்குள்ள காடுகளெல்லாம் ஏதோவொரு கிராமத்தின் எல்லைக்குள் இருப்பவை, குடிகளுக்கு அவற்றில் உரிமை உண்டு என்று எதிர்த்தது. 1878 சட்டம் பெரும்பாலும் பேடன் பவலின் பக்கம் சாய்ந்தது. கிராமக் காடு என்ற அத்தியாயம் அதில் இருந்தாலும் நடைமுறையில் ஏட்டளவில் நின்றுபோனது. சென்னையும் 1882இல் தனிச் சட்டத்தோடு வழிக்கு வந்தது.

அதே 1878இல்தான் டேராடூனில் வனப்பள்ளி திறக்கப்பட்டது. சட்டமும் பள்ளிக்கூடமும் ஒரே வருஷத்தில் வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. சட்டம் வேலி போட்டது. வேலிக்குக் காவல் நிற்க ஆள் தயாரித்தது பள்ளி. மேலதிகாரிகள் பிரான்சின் நான்சியிலும், 1885 முதல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில்லிலும் படித்து வந்தார்கள். இந்தியர்கள் டேராடூனில் ரேஞ்சர் வேலைக்குப் படித்தார்கள். 1912இல் கோயம்புத்தூருக்கும் வனக்கல்லூரி வந்தது. படிப்பிலும் இப்படி மேல்தட்டு, கீழ்த்தட்டு. அந்த ஏணியில் கரேனுக்கும் குறும்பருக்கும் முதல் படிகூடக் கிடையாது.

இந்தக் கல்வி காலனியோடு நிற்கவில்லை. நான்சியில் படித்த அமெரிக்கரான கிஃபர்டு பின்சோ, ஓய்வுபெற்றுப் பானில் இருந்த பிராண்டிஸைத் தேடிச் சென்று ஆலோசனை பெற்றார். அவர் குடும்பத்தின் பணத்தில் 1900இல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பள்ளி எழுந்தது. பாதுகாப்பு என்பதற்குச் சிக்கனமான, திறமையான பயன்பாடு என்று பின்சோ தந்த அர்த்தம் உலகெங்கும் பரவியது. பெகுவின் புனத்தில் கற்றதில் ஒரு பகுதி அமெரிக்க வகுப்பறைக்குப் போனது. கற்பித்தவர்களின் பெயர் போகவில்லை.

நம் தமிழ்த்துறைகளையும் இங்கே விசாரிக்கத்தான் வேண்டும். தினைப்புனம் காக்கும் பெண்ணை எத்தனை தலைமுறையாக வியந்து பாடம் நடத்துகிறோம்! அந்தப் புனம் காட்டை எரித்து உண்டானது என்பதையும், அதை இன்று ஒருத்தி எரித்தால் ஃபாரஸ்ட்காரன் கேஸ் எழுதுவான் என்பதையும் குறிஞ்சித்திணைப் பாடத்தில் யாராவது சொல்கிறோமா? அங்கே அவள் கருப்பொருள், இங்கே குற்றவாளி. அவள் அறிந்தவள் என்பதை இரண்டு துறையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மலைமக்களின் அறிவெல்லாம் புனிதம் என்று வாதாடுவது என் வேலையல்ல. புனம் ஆறுவதற்கான வருஷங்கள் குறைந்தால் மண் தோற்றுப்போகும். ஆனால் காட்டை வேலி போட்டுப் பறித்ததாலேயே பல இடங்களில் அந்த வருஷங்கள் குறைந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையை ஏற்று, கிராம சபைக்கு அதில் அதிகாரம் தந்தது. 1878இல் தோற்ற வாதம் 128 வருஷம் கழித்துச் சட்டமாகியிருக்கிறது. அந்தச் சட்டத்தை ஒரு பாடமாக வைத்துவிடுவது சுலபம். கிராம சபையை ஆசிரியராக ஏற்பதுதான் கஷ்டம். மேட்டுப்பாளையத்திலோ டேராடூனிலோ படிக்கிற மாணவன் ஒரு பருவம் முழுக்க ஒரு மலைக்கிராமத்துச் சபையில் உட்கார்ந்து வெறுமனே கேட்டுவிட்டு வந்தால், அதற்கு எத்தனை கிரெடிட் தருவீர்கள்? விடைத்தாளைத் திருத்தப்போவது யார்?