அலைதாங்கி: ஒரு கட்டுமானத்தின் வரலாறும் பெயரும்

1. முன்னுரை

கடலலையின் வேகத்தைத் தணித்துத் துறையையும் கரையையும் காக்கும் பொருட்டுக் கடலுக்குள் எழுப்பப்பெறும் கட்டுமானம் தமிழில் அலைதடுப்புச் சுவர், அலைத்தடுப்பு, அலைதாங்கி எனப் பலவாறு எழுதப்படுகிறது. ஆங்கிலத்தின் பிரேக்வாட்டர், பிரெஞ்சு மொழியின் பிரீஸ்-லாம், ஸ்பானிய மொழியின் ரோம்பெஓலாஸ், ஜெர்மன் மொழியின் வெல்லன்பிரெக்கர் ஆகிய யாவும் நீரையோ அலையையோ ‘உடைப்பது’ என்று பொருள்படுவன. இலத்தீனின் மோலெஸ் என்னும் சொல் மட்டும் ‘பெருந்திரள்’ என்று பொருள்பட்டுப் பருமையைச் சுட்டுகிறது. தடுத்தல், தாங்குதல், உடைத்தல் ஆகியவை ஒரே வினையைக் குறிப்பன அல்ல. இவற்றுள் எது கட்டுமானத்தின் இயல்புக்குப் பொருந்தும் என்பதை அதன் வரலாற்றைக் கொண்டே துணிய இயலும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கிப் பெயர்ப் பொருத்தத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எடையும் சரிவும்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமப் பேரரசர் திராஜன் சென்ட்டும்செல்லே என்னுமிடத்தில் துறைமுகம் அமைத்தார். பெரும்பாறைகள் படகுகளில் கொணர்ந்து கொட்டப்பட்டதையும், அவை தம் எடையாலேயே நிலைபெற்றதையும் இளைய பிளினி தம் கடிதமொன்றில் குறித்துள்ளார். மோலெஸ் என்னும் சொல்லின் பொருளுக்கு இது தக்க சான்றாகும்.

பிரான்சின் செர்பூர் துறையில் 1784-இல் வேறொரு முறை கையாளப்பட்டது. மரத்தாலான மாபெருங் கூம்புகளைக் கடலில் அமிழ்த்திக் கற்களால் நிரப்பி வரிசையாக நிறுத்துவதே அத்திட்டம். 1786-இல் மன்னர் பதினாறாம் லூயி நேரில் சென்று ஒரு கூம்பு அமிழ்த்தப்படுவதைக் கண்டார். திட்டமிட்ட 90 கூம்புகளில் ஒரு சிறுபகுதியே அமிழ்த்தப்பட்டது. புயலும் மரத்தைத் துளைக்கும் கடலுயிரிகளும் அவற்றை அழித்தன. பின்னர்க் கற்குவியல் முறைக்கு மாறிய அப்பணி 1853-இல்தான் நிறைவுற்றது.

இங்கிலாந்தின் பிளிமத்தில் ஜான் ரென்னி வகுத்த திட்டப்படி 1812-இல் பணி தொடங்கியது. கடலை நோக்கிய பக்கத்திற்கு அவர் விதித்த சரிவு மூன்றுக்கு ஒன்று. 1817, 1824 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் அக்கற்களைப் பெயர்த்து ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்னும் சரிவில் அமைத்துச் சென்றன. பொறியாளர்களும் இறுதியில் அச்சரிவையே ஏற்றனர். தனக்கேற்ற சரிவைக் கடலே தெரிவுசெய்து கொண்டது எனலாம்.

3. சுவரின் தோல்வி

ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் அலையின் தாக்குவிசையை அளக்கும் கருவியை உருவாக்கியவர். 1845-இல் ஸ்கெரிவோர் பாறையில் அக்கருவி சதுர அடிக்கு 6,083 பவுண்டு விசையைப் பதிவு செய்தது. அலையின் ஆற்றலை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்த அவர் குடும்பத்தினரின் நிறுவனம் விக் துறையில் எழுப்பிய கட்டுமானமே 1872-இல் புயலுக்கு இரையானது. இரும்புக் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்த சுமார் 1,350 டன் எடையுள்ள முனைப்பகுதி ஒரே திரளாகப் பெயர்ந்தது. அதற்கு மாற்றாக அமைக்கப்பட்ட ஏறத்தாழ 2,600 டன் திரளும் 1877-இல் பெயர்த்தெறியப்பட்டது. எடையை இருமடங்காக்கியும் பயன் விளையவில்லை.

நிமிர்ந்த சுவர் அலையை உடைப்பதில்லை, திருப்பி அனுப்புகிறது. வரும் அலையும் மீளும் அலையும் கூடுவதால் சுவரருகே நீரின் எழுச்சி ஏறத்தாழ இருமடங்காகிறது. அடித்தளத்து மண்ணும் அரிக்கப்படுகிறது. கற்குவியலில் நிகழ்வது வேறு. அலை சரிவில் ஏறி உடைகிறது. நீர் கற்களின் இடைவெளிகளுள் புகுந்து சுழன்று ஆற்றலை இழக்கிறது. இங்குக் கல்லைப் போலவே இடைவெளியும் கட்டுமானத்தின் உறுப்பாகும்.

4. சென்னையின் பட்டறிவு

சென்னையில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்த மசூலாப் படகுகள் அலைமுறிவைக் கடந்து மக்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்கின. துறைமுகத்தின் நினைவுக்கல் 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரால் நாட்டப்பட்டது. வில்லியம் பார்க்ஸின் திட்டப்படி கரையிலிருந்து இரு கைகள் கடலுள் நீண்டு கிழக்கு நோக்கிய வாயிலை உண்டாக்கின. 1881 நவம்பர்ப் புயல் அக்கைகளைப் பெரிதும் சிதைத்தது. பின்னர் அவை மீண்டும் எழுப்பப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் பொறுப்புக் காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கில் புதுவாயில் அமைந்தது.

புயலைவிட நீண்ட விளைவை உண்டாக்கியது மணல். இக்கரையோரமாக ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்கிறது. தென்கை அதனை மறித்தது. தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகள் மணல்வரத்து இழந்து அரிக்கப்பட்டன. விசாகப்பட்டினத்தில் இதே சிக்கலை எதிர்கொள்ள ஜேனஸ், வெல்லட்சன் என்னும் இரு பழங்கப்பல்கள் அமிழ்த்தப்பட்டு அலைதாங்கியாக்கப்பட்டன. அத்துறைமுகம் 1933 டிசம்பரில் திறக்கப்பட்டது.

5. கணக்கும் வடிவமும்

கல்லின் எடையைக் கணித்தறியும் முறையை 1938-இல் ஸ்பெயினின் ரமோன் இரிபாரனும், 1950-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஹட்சனும் வகுத்தனர். ஹட்சன் வாய்பாட்டின்படி கவசக் கல்லின் எடை அலையுயரத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் அமையும். அலையுயரம் இருமடங்கானால் கல்லின் எடை எண்மடங்காதல் வேண்டும். அத்துணைப் பெருங்கல் எல்லா மலைகளிலும் கிடைப்பதில்லை. எனவே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் கான்கிரீட் வடிவங்கள் தோன்றின. 1950-இல் பிரான்சில் உருவான டெட்ராபாட் அவற்றுள் புகழ்பெற்றது. கிரேக்கத்தில் ‘நான்கு கால்’ என்று பொருள்படும் இச்சொல்லுக்கு நேரான ‘நாற்காலி’ தமிழில் முன்னரே வேறு பொருளுக்கு உரியதாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் 1960-களில் தோன்றிய டோலோஸ், விளையாட்டுக்குப் பயன்படும் கணுவெலும்பின் ஆப்பிரிக்கான்சுப் பெயரைப் பெற்றது.

போர்ச்சுகலின் சினெஸ் துறையில் 42 டன் டோலோஸ்களால் அமைந்த கட்டுமானம் 1978 பிப்ரவரிப் புயலில் சிதைந்தது. மெல்லிய உறுப்புகள் ஆடி மோதி முறிந்தன. சிறுமாதிரிச் சோதனைகள் அலையின் அளவைக் குறைத்துக் காட்டினவேயன்றிக் கான்கிரீட்டின் முறியும் இயல்பை அதே அளவில் குறைத்துக் காட்டவில்லை.

6. பெயரின் பொருத்தம்

மேற்கண்ட வரலாற்றைக் கொண்டு நோக்கின், ‘தடுப்பு’ என்பது நிமிர்ந்த சுவருக்கே பெரிதும் பொருந்தும். ‘தாங்கி’ என்பது தமிழில் இருவகையாக வழங்குகிறது. சுமைதாங்கி, ஏற்ற பாரத்தை அசையாது சுமப்பது. இடிதாங்கி, வந்த ஆற்றலைத் தான் ஏற்றுத் தீங்கின்றி நிலத்துள் செலுத்துவது. விக் துறையில் தோற்றது சுமைதாங்கிக் கொள்கை. பிளிமத்தில் நிலைத்தது இடிதாங்கிக் கொள்கை. இப்பொருளில் கொள்ளின் அலைதாங்கி என்பதே கற்குவியல் வகைக்கு ஏற்ற சொல்லாகும்.

தமிழகக் கடற்கரையில் மீனவர் கோரிக்கைகளிலும் அரசு அறிவிப்புகளிலும் ‘தூண்டில் வளைவு’ என்னும் தொடர் வேரூன்றியுள்ளது. இது செயலைச் சுட்டாது வடிவைச் சுட்டுவது; கட்டுமானம் கரையிலிருந்து புறப்பட்டு வளைகிறது என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது. ஆதலின் மணல் எப்பக்கம் சேரும், எப்பக்கம் குறையும் என்னும் வினாவை எழுப்ப இச்சொல்லில் இடமுண்டு. கரைக்கு இணையாகக் கடலுள் தனித்து நிற்பது, கரையோடு பொருந்திக் குறுக்கே நீள்வது, கரையையே மூடி நிற்பது ஆகிய மூன்றையும் ‘அலைத்தடுப்பு’ என ஒரே சொல்லால் பெயர்த்தால் அவ்வினாவே எழாது.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக்கு உரிய திட்டங்களின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் வழங்கப் பணிக்கிறது. அச்சுருக்கத்தைப் படிப்பவர் தம் ஊர்க்கரை வளருமா தேயுமா என்பதை அதிலிருந்தே அறிய வேண்டியுள்ளது. ஆதலின் தனித்து நிற்பதற்கு ஒன்றும், கரையிலிருந்து நீள்வதற்கு ஒன்றும், கரையை மூடுவதற்கு ஒன்றுமாக மூன்று சொற்களை வரையறுத்து ஆள்வது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும். கரையிலிருந்து நீண்டு வளைவதற்கு மீனவர் வழக்கு ஏற்கெனவே ஒரு சொல்லைத் தந்துள்ளது. கலைச்சொல் தொகுப்புகள் அதனை ஏற்றுக்கொள்வதே முறை.