கேட்டவர்கள் கடத்திய பாட்டு

1967-இல் வார்சாவில் ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் ‘போஸா நோவா’. பாடியவர்கள் நோவி சிங்கர்ஸ் என்ற போலந்துக் குழு. வெளியிட்டது அரசாங்க நிறுவனம். அவர்களுடைய ‘போலிஷ் ஜாஸ்’ வரிசையில் 13-ஆவது தட்டு. எங்கள் புராஜெக்டில் கிராக்கோவ் நகரத்திலிருந்து வேலை பார்த்த ஒருவர்தான் எனக்கு இதை அனுப்பினார். ஒரு பெண் குரல், கூடவே சில ஆண் குரல்கள். பெரும்பாலும் பாட்டில் சொல்லே கிடையாது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்கிற வேலையைத் தொண்டையே செய்கிறது. தாளம் மட்டும் ரியோ டி ஜெனிரோவினுடையது.

எனக்கு உடனே எழுந்தது எஞ்சினியர் கேள்வி: இது எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது? போஸா நோவா பிறந்த கணம் என்று பலரும் குறிப்பிடுகிற ஜோவாவ் ஜில்பெர்த்தோவின் ‘ஷேகா தி சௌதாதி’ பதிவானது 1958-இல். இடையில் ஒன்பதே வருஷம், ஓர் அட்லாண்டிக் பெருங்கடல், ஓர் இரும்புத்திரை.

தட்டைக் காலேஜ் ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். அவன் பிரேசில் பாட்டில் ஊறியவன். பதிலுக்கு லெனி அந்த்ராதே என்ற பாடகியின் நாலு பாட்டு வந்தது. “மச்சி, ஸ்டான் கெட்ஸோட சாக்ஸபோனைக் கொஞ்ச நாள் ஓரமா வை. இந்தம்மா ஸ்கேட் பாடறதைக் கேளு.” ஸ்கேட் என்றால் பொருளில்லாத அசைகளைக் கொண்டு, வாத்தியம் வாசிப்பதுபோலக் குரலால் கற்பனை செய்வது. அதை கிராக்கோவுக்கு அனுப்பினேன். அங்கிருந்து உர்சுலா துஜ்யாக் வந்தார். ஒரு வருஷம் இப்படியே போனது. அங்கிருந்து ஒன்று, சென்னையிலிருந்து ஒன்று, நடுவில் நான் ரௌட்டர் மாதிரி.

தோண்டிப் பார்த்தால், இந்தப் பாடகிகள் உருவான கதையும் இதேதான்.

போலந்தில் 1940-களின் கடைசியிலிருந்து சில வருஷங்கள் ஜாஸுக்குப் பொது மேடை கிடையாது. அமெரிக்க முதலாளித்துவத்தின் இசை என்று ஸ்டாலின் காலத்து அரசு அதை ஒதுக்கிவைத்தது. இசைக்காரர்கள் வீடுகளில் கூடி வாசித்தார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் பாதாளக் கல்லறைகளில் கூடியதை நினைத்து, அந்த வருஷங்களை ‘கேட்டகோம்ப் காலம்’ என்று பின்னாளில் அழைத்தார்கள். நம்ம ஊரில் ஜாஸ் என்றால் ஹோட்டல் லாபி ஞாபகம் வரும். அங்கே அது கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற சங்கதி.

1955 ஜனவரியில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கோனவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார். ஆழமான குரல். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அரசுப் பிரச்சார ஒலிபரப்பை உள்நாட்டு மக்களுக்குத் தரக்கூடாது என்று 1948-இல் போட்ட சட்டம் இருந்ததால், சொந்த நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. 1959-இல் அவர் வார்சாவில் விமானத்திலிருந்து இறங்குகிறார். பூங்கொத்து, கேமரா, பெருங்கூட்டம். யாரோ பெரிய மனிதர் நம்மோடு வந்திருக்கிறார் போல என்று நினைத்தாராம். வந்த கூட்டம் அவருக்காகத்தான்.

அதற்குள் கதவும் கொஞ்சம் திறந்திருந்தது. 1956 ஜூனில் போஸ்னான் நகரத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே ஆகஸ்டில் சோபாட் கடற்கரை ஊரில் ஜாஸ் விழா. அங்கே வாசித்த கிஷிஸ்டாஃப் கொமேதாவுக்கு உண்மைப் பெயர் டிர்ஷின்ஸ்கி. தொழில், காது மூக்கு தொண்டை டாக்டர். மருத்துவமனையில் தெரியக்கூடாது என்றுதான் மேடைக்கு வேறு பெயர். (தொண்டை டாக்டர் குழுவில் பாட வந்த சின்னப் பெண்தான் துஜ்யாக். இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

கொமேதாவைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. ‘ரோஸ்மேரிஸ் பேபி’ படத்துக்கு இசையமைத்தவர், 1969-இல் சின்ன வயசிலேயே இறந்தவர். பாடகிகள் பக்கம் வந்தால் பேனா தயங்குகிறது. 1959-இல் யெர்ஸி கவலெரோவிச் எடுத்த ‘போச்சோங்க்’ படத்தைச் சொல்லலாம். ‘நைட் டிரெய்ன்’ என்ற பெயரில் வெளியே தெரிந்த படம். ஒரு ராத்திரி முழுக்க ரயில் ஓடுகிறது, உள்ளே யாருக்கும் நிம்மதியில்லை. அந்த நிம்மதியின்மையைக் கட்டிப்போடுவது வான்தா வார்ஸ்காவின் குரல். ஆர்ட்டி ஷாவின் ஒரு அமெரிக்க மெட்டு, அன்ஜெய் டிஷஸ்காவ்ஸ்கியின் இசையமைப்பு, வார்ஸ்காவின் சொல்லில்லாத முனகல். சினிமாப் புத்தகங்கள் ஒளிப்பதிவையும் இயக்கத்தையும் விரித்து எழுதும். குரலுக்கு ஒரு வரி. எனக்கு அந்தப் படமே அந்தக் குரல்தான்.

சொல்லில்லாமல் ஏன் இத்தனை பாட்டு? என் ஊகம் இது. வானொலியிலும் தேய்ந்த தட்டிலும் ஆங்கிலப் பாட்டைக் கேட்டவர்களுக்கு முதலில் பிடிபட்டது ஓசைதான், அர்த்தம் இல்லை. சின்ன வயசில் புரியாத இந்திப் பாட்டை நாம் அப்படியே ஓசையாகப் பாடித் திரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அந்த ஓசையை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். தணிக்கை செய்பவருக்கும் அதில் கோடிட ஒன்றும் இல்லை.

ரியோவின் கதை இன்னும் குஷியானது. 1949-இல் திஜூக்கா பகுதியில், ஒரு வீட்டின் நிலவறையில், இளம்பெண்கள் சேர்ந்து ‘சினாட்ரா-ஃபார்னி ஃபேன் கிளப்’ ஆரம்பித்தார்கள். ஃபிராங்க் சினாட்ராவுக்கும், அமெரிக்க பாணியில் பாடிய உள்ளூர்க்காரர் டிக் ஃபார்னிக்கும் சேர்த்து ஒரே ரசிகர் மன்றம். போட்டியாக லூசியோ ஆல்வெஸுக்கும் டிக் ஹேம்ஸுக்கும் இன்னொரு மன்றம்! ரசிகர் மன்றம் என்றதும் நமக்கு கட் அவுட்டும் பாலாபிஷேகமும் தோன்றும். இங்கே தட்டைப் போட்டுக் கேட்பார்கள், பிறகு தாங்களே வாசித்துப் பார்ப்பார்கள். பியானோ ஜானி ஆல்ஃபும் அக்கார்டியன் ஜோவாவ் தொனாத்தோவும் அங்கே வளர்ந்தவர்கள். மன்றம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து போஸா நோவா என்று உலகம் கேட்டதில் அந்த நிலவறையின் பங்கு பெரிது.

லெனி அந்த்ராதே வந்தது அதற்குப் பிந்தைய கோபகபானாவிலிருந்து. அங்கே குறுகலான கிளப்புகள் வரிசையாக இருந்த ஒரு முட்டுச்சந்துக்கு ‘பாட்டில் சந்து’ என்று பெயர். மேல்மாடிக்காரர்கள் சத்தம் தாங்காமல் பாட்டிலைத் தூக்கி எறிவார்கள், அதனால் அந்தப் பெயர். போஸா நோவா என்றாலே கிசுகிசுப்பு என்று நினைப்பவர்கள் லெனியைக் கேட்டால் அசந்துபோவார்கள். அடிவயிற்றிலிருந்து வரும் குரல், சாம்பா தாளத்தின் மேல் ஏறிக் குதிக்கும்.

கிசுகிசுப்புக்கு அடையாளமாகிப்போனவர் ஆஸ்ட்ரூட் ஜில்பெர்த்தோ. 1963 மார்ச்சில் நியூயார்க்கில் ‘கெட்ஸ்/ஜில்பெர்த்தோ’ பதிவு. அமெரிக்க வானொலிக்காக ‘தி கேர்ள் ஃப்ரம் இபனேமா’வைச் சுருக்கி சிங்கிளாக வெளியிட்டபோது, கணவர் ஜோவாவ் பாடிய போர்ச்சுகீசியப் பகுதியை வெட்டிவிட்டு ஆஸ்ட்ரூட்டின் ஆங்கிலத்தை வைத்தார்கள். அதுதான் உலகம் சுற்றியது. 1965-இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருதும் வந்தது. முதலில் வந்த ஆல்பத்தின் முன்னட்டையில் கெட்ஸ் பெயர் உண்டு, ஜோவாவ் பெயர் உண்டு, ஜோபிம் பெயரும் உண்டு. ஆஸ்ட்ரூட் பெயர் இல்லை. இதை யாரும் தற்செயல் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ரியோவின் தாளம் வார்சாவுக்கு நேர்வழியில் போயிருக்காது. அமெரிக்கத் தட்டுகளும் வானொலியும்தான் சுமந்திருக்கும் என்று நினைக்கிறேன். சினாட்ராவைக் கேட்டு ரியோ ஒன்றைச் செய்தது, அதை அமெரிக்கா வாங்கியது, வார்சா ஒட்டுக்கேட்டது.

எழுபதுகளில் ஆட்களே அமெரிக்காவுக்கு வந்துவிட்டார்கள். 1973-இல் துஜ்யாக் கணவர் மிகாவ் உர்பானியாக்குடன் நியூயார்க்கில் குடியேறினார். ரியோவின் ஃப்ளோரா பூரிம் அதற்குச் சில வருஷம் முன்பே அமெரிக்கா வந்து, 1972-இல் சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ தட்டில் பாடியிருந்தார். இரண்டு பேருமே குரலை எலெக்ட்ரானிக் கருவிக்குள் விட்டு, எதிரொலியாக்கி, அடுக்கடுக்காகப் போட்டவர்கள். துஜ்யாக்கின் ‘பபாயா’ அந்தக் காலத்தில் வந்தது. முப்பது வருஷம் கழித்து, 2007-இல், பிலிப்பைன்ஸில் ஒரு டிவி நிகழ்ச்சியால் அது நாடு முழுக்க ஆடுகிற நடனமானது. ஆடிய எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும் என்று கேட்காதீர்கள்.

2023 ஜூனில் ஆஸ்ட்ரூட் இறந்தார். ஜூலையில் அந்த நிலவறை மன்றத்தின் தொனாத்தோ. அடுத்த வாரமே லெனி. எங்கள் மூன்று பேருக்குள் அன்று பேச்சே இல்லை, பாட்டு மட்டும் போய்வந்தது. கடைசியாக கிராக்கோவிலிருந்து வந்தது கிராஜினா அவ்குஸ்சிக் பாடியது. போலந்தில் பிறந்து, போலந்துக்காரர்கள் நிறைந்த சிகாகோவில் வாழ்கிறவர். கூட கித்தார் வாசித்துப் பாடுபவர் பவ்லின்யோ கார்சியா, பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சிக்காரர், அவரும் சிகாகோ. இரண்டு குரல், ஒரு கித்தார், வேறு வாத்தியம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ‘அந்தான்சா’ என்ற தட்டு. ஹெட்ஃபோனில் கேளுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல்.