உள்ளொளி (குவேக்கர் மரபு)

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) தொடங்கிய கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்கள், ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருந்து வழிநடத்துவதாக நம்பும் இறையொளி உள்ளொளி எனப்படும். மௌனமாகக் கூடி அமர்ந்து, உள்ளத் தூண்டல் தோன்றியவர் மட்டும் எழுந்து பேசுவது இவர்களது மரபான வழிபாட்டு முறை. அத்தூண்டலைச் சபையார் சேர்ந்து ஆராய்வதும் உண்டு என்பதால், இதனை மனம்போன போக்கு எனக் கொள்வது பொருந்தாது. உள்ளொளியின் வழிநடத்தலுக்கு இணங்கி உலகப் பற்றை விடுவதற்கு இம்மரபில் தெளிவான சான்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜான் உல்மன் (1720–1772). இளமையில் முதலாளியின் சொற்படி அடிமைப் பெண்ணொருத்தியின் விற்பனைப் பத்திரத்தை எழுதிக்கொடுத்து மனம் வருந்திய இவர், பின்னர் அத்தகைய பத்திரங்களை எழுத மறுத்ததோடு, பெருகிவந்த கடை வியாபாரத்தைச் சுமையெனக் கைவிட்டுத் தையல் தொழிலோடும் பழத்தோட்டத்தோடும் அமைந்தார். பிற்காலத்தில் சாயமிட்ட ஆடையையும் விலக்கினார். அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே சென்று அவர் எடுத்துரைத்தது, 1776இல் குவேக்கர் அமைப்பான பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் தன் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருப்பதைத் தடைசெய்ய வழிவகுத்தவற்றுள் ஒன்று.