விமென்டின் ஃபைப்ரோபிளாஸ்டின் இலக்கணமாகுமா?

பசுவுக்கு இலக்கணம் கூறப் புகுந்து 'கொம்புடையது' என்றால் எருமையும் ஆடும் அதற்குள் வந்துவிடும். 'செந்நிறமுடையது' என்றால் வெள்ளைப் பசு வெளியே நின்றுவிடும். 'ஒற்றைக் குளம்புடையது' என்றால் ஒரு பசுவும் தேறாது. இக்குற்றங்களை முறையே அதிவியாத்தி, அவ்வியாத்தி, அசம்பவம் என்று தருக்க நூலார் வகுத்தனர். செல் உயிரியலில் 'குறிப்புப் புரதம்' என வழங்குவதும் ஓர் இலக்கணமே. எனவே அதையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்டுகளுக்கு விமென்டினே அடையாளம் என்று ஆய்வுக் கட்டுரைகள் பல எழுதிச் செல்கின்றன. விமென்டின் இல்லாமை ஒரு செல்லை ஃபைப்ரோபிளாஸ்ட் அல்ல என்று விலக்க உதவும். ஆனால் அது இருப்பது மட்டும் எதையும் நிறுவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. செல்லின் சட்டகத்தில் ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழைகளுக்கும் 25 நானோமீட்டர் நுண்குழல்களுக்கும் நடுவே, 10 நானோமீட்டர் அளவில் இருப்பவை இடைநிலை இழைகள். ஆக்டினும் டியூபுலினும் எல்லாச் செல்லிலும் உண்டு. இடைநிலை இழைப் புரதங்களோ திசுவுக்குத் திசு மாறுகின்றன. மனிதரில் இவற்றுக்கு ஏறத்தாழ 70 மரபணுக்கள் உள்ளன. எபிதீலியத்தில் கெரட்டின், தசையில் டெஸ்மின், நரம்புச் செல்லில் நியூரோஃபிலமென்ட் என்று அமைந்த வரிசையில், இணைப்புத் திசுவின் பங்காக வந்தது விமென்டின். வளையும் சுள்ளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 1978இல் வெர்னர் ஃபிராங்கே குழுவினர் அதற்குப் பெயரிட்டனர். கட்டியின் மூலத்திசுவை அறிய நோயியலாளர்களுக்கு இவ்வரிசை பெரிதும் உதவியது. பிழை நுழைந்தது அதைத் தலைகீழாகப் படித்தபோதுதான்: 'ஃபைப்ரோபிளாஸ்டில் விமென்டின் உண்டு' என்ற உண்மை, 'விமென்டின் உள்ளது ஃபைப்ரோபிளாஸ்ட்' என்று திரிந்தது.

தோல் துண்டொன்றை நொதியால் கரைத்துக் குடுவையில் வளர்த்து, எதிர்ப்பொருள் கொண்டு ஒளிரச் செய்வோம். கதிர்வடிவச் செல்களில், உட்கருவைச் சுற்றிக் கூடை முடைந்தாற்போல் விமென்டின் வலை தெரியும். ஆனால் அதே ஒளிர்வு, உடன் வந்த இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்லிலும் மேக்ரோஃபேஜிலும் மெலனோசைட்டிலும் தெரியும். உடலில் கெரட்டின் மட்டுமே கொண்டிருந்த எபிதீலியச் செல்லும் வளர்ப்பு ஊடகத்துக்கு வந்தபின் விமென்டினை ஆக்கத் தொடங்கலாம். கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து 1951இல் பெறப்பட்ட ஹீலா செல்கள் எபிதீலிய வழிவந்தவை. அவற்றில் இரு புரதங்களும் அருகருகே உள்ளன. புற்றுச் செல் தன் கூட்டத்தை விட்டு நகரும் இயல்பு பெறும்போதும் விமென்டின் தோன்றுகிறது. ஆக, இப்புரதம் செல்லின் வழிமரபைவிட அதன் அப்போதைய நிலையையே பெரும்பாலும் அறிவிக்கிறது. இது தெளிவான அதிவியாத்தி. மறுபுறம், கல்லீரலின் ஸ்டெல்லேட் செல் போன்ற சில இணைப்புத் திசுச் செல்களில் மட்டும் காணும் டெஸ்மினைக் குறியாகக் கொண்டால் அவ்வியாத்தி நேரும். கெரட்டின் அசம்பவம் என்று விலக்க நினைத்தாலும், நிணநீர்க் கணுவின் வலைச்செல்கள் சிலவற்றில் அது உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விமென்டின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் 1994இல் உருவாக்கப்பட்டன. அவை பிறந்தன, வளர்ந்தன, இனப்பெருக்கமும் செய்தன. அவற்றின் ஃபைப்ரோபிளாஸ்டுகள் இழுவிசைக்கு ஈடுகொடுப்பதிலும் நகர்வதிலும் தளர்ந்தன. புண் ஆறுவது தாமதப்பட்டது. ஆயினும் அவை ஃபைப்ரோபிளாஸ்டுகளாகவே இருந்தன. ஒரு பண்பை இழந்தும் பொருள் மாறாதிருந்தால், அப்பண்பு அப்பொருளின் இலக்கணமாக இயலாது.

தூய வளர்ப்பில் இந்த ஐயமே எழாது என்று மறுப்போர் உண்டு. ஆனால் வளர்ப்பு தூயது என்பதுதானே நிறுவ வேண்டியது? அதை விமென்டினைக் கொண்டே நிறுவுவது வட்டவாதம். தனிச்செல் ஆர்என்ஏ ஆய்வு வந்தபின் இவ்விவாதமே பழையது என்பது இரண்டாவது மறுப்பு. அம்முறை பல குறிகளைச் சேர்த்துப் பார்க்கிறது என்பது உண்மை. அதன் வலிமை அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. தனித்தனியே எடுத்தால் பிற குறிகளும் தடுமாறும்: ஃபைப்ரோபிளாஸ்டுக்கே உரியதெனப் பெயரிடப்பட்ட எஃப்எஸ்பி1 மேக்ரோஃபேஜிலும் காணப்பட்டது. அப்படியானால் விமென்டினைக் கைவிடலாமா என்றால், வேண்டியதில்லை. சாயம் சரியாக ஏறிய திசுவில், பக்கத்துச் செல்கள் ஒளிர ஒரு செல் மட்டும் ஒளிராவிட்டால், அதை ஃபைப்ரோபிளாஸ்ட் பட்டியலிலிருந்து பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

ஆகவே விமென்டினுடன் முதல்வகைக் கொலாஜன் ஆக்கமும் காட்டப்பட வேண்டும். எபிதீலியத்தை விலக்கக் கெரட்டினும், வெள்ளணுவை விலக்கச் சிடி45உம், இரத்தக்குழாய்ச் செல்லை விலக்கச் சிடி31உம் இல்லாமை காட்டப்பட வேண்டும். கட்டியிலிருந்து எடுத்த செல்களானால், புற்றின் மரபணுப் பிறழ்வு அவற்றில் இல்லை என்பதும் தேவை. 'விமென்டின் இருந்தமையால் ஃபைப்ரோபிளாஸ்ட் என உறுதிசெய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு வரும் கட்டுரையை, மற்றச் சான்றுகளைக் கேட்டு மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.