ரெட் ரிவர் பாட்டி

ஊரை விட்டு வந்த குடும்பங்கள் மூன்றாம் தலைமுறையில் என்ன ஆகின்றன? புனேவுக்கு வந்ததிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி உண்டு. அதற்காகவே குடியேறிகளின் கதைகளைத் தேடிப் படிப்பேன். அதில் ஒன்று இது.

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் கில்டோனன் என்று ஒரு பகுதி இருக்கிறது. உண்மையில் அது ஸ்காட்லாந்தின் வடக்கே, சதர்லாண்டில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர். ஆட்டுப் பண்ணை போடுவதற்காக அங்கிருந்த குடியானவர்களை வெளியேற்றினார்கள். அவர்களில் சிலரை செல்கர்க் பிரபு கப்பலேற்றினார். 1813-ல் கிளம்பிய கூட்டம் கப்பலிலேயே விஷக்காய்ச்சலுக்குச் சிலரைப் பறிகொடுத்தது. ஹட்சன் வளைகுடாக் கரையில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, 1814-ல்தான் ரெட் ரிவர் போய்ச் சேர்ந்தது. 1816-ல் செவன் ஓக்ஸ் மோதலில் ஆளுநர் செம்பிளும் சுமார் 20 பேரும் செத்தார்கள். அப்படியும் ஊர் நிலைத்தது.

ஆற்றைப் பார்த்து நீள நீளமாகக் காணிகள். பக்கத்துக் காணியில்தான் பெண் எடுப்பதும் கொடுப்பதும். சதர்லாண்ட், மேத்சன், கன், பானர்மன், மக்கே, போல்சன் என்று திரும்பத் திரும்ப அதே குடும்பப் பெயர்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். நம் ஊரிலும் 'பெயரன்' தானே பேரன் ஆனான்! ஆக ஒரே பெயரில் நாலைந்து பேர். வம்சாவளி தேடுகிறவருக்குத் தலை சுற்றும்.

பழைய குடிக்கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி, மக்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. காப்பாற்றுவது ஒரு ஸ்காட்டிஷ் வழக்கம்: கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதுவார்கள். அந்த நூலைப் பிடித்தால் எந்த ஜான், எந்த அலெக்ஸாண்டர் என்று பிரித்துவிடலாம்.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அந்த நூல் கிடைக்கவில்லை. அலெக்ஸாண்டர் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மென்மயிர் வணிகத்துக்குப் போன இடத்தில் ஒகனாகன் பழங்குடிப் பெண்ணை மணந்து ரெட் ரிவருக்கு அழைத்து வந்தார். ஏடுகளில் அவர் பெயர் சாலி, சாரா. பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் இல்லை. ஊருக்கு அவர் ராஸ் பாட்டி. ஏறக்குறைய 40 வருடம் காத்திருந்து, 1851-ல் கில்டோனன்காரர்களுக்குத் தங்கள் சபைப் போதகராக ஜான் பிளாக் கிடைத்தார். அவர் மணந்தது இந்தப் பாட்டியின் மகள் ஹென்ரியட்டாவை. பாட்டியின் மகன் ஜேம்ஸ் பத்திரிகை ஆசிரியரானார். 1870-ல் ரியேலின் தற்காலிக அரசில் பதவி வகித்தார். ஆண்களின் பெயரை மட்டும் பார்த்தால் இது சுத்த ஸ்காட்டிஷ் குடும்பம். பாட்டியிடம் போனால்தான் பாதிக் கதை தெரியும்.

இங்கே ஃபாரத்தில் 'சர்நேம்' கேட்கும்போது நாம் அப்பா பெயரை நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அம்மாவின் ஊர், பாட்டி பிறந்த வீடு எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் அம்மா வழியில் மூன்று பாட்டிகள் வரை எழுதியிருக்கிறேன். நான்காவதைக் கேட்க இப்போது யாரும் இல்லை.