எண்ணிக்கையில் ஏறாத குழை: கால்நடைப் போசணை ஆய்வு வெளியீடுகளை அளந்த வரலாறு

தெல்லிப்பழையின் செம்மண் தோட்டங்களைச் சுற்றியுள்ள வேலிகளில் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் இப்பில் இப்பிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றின் குழையை முறித்து ஆட்டுக்குக் கட்டுவது இங்கே அன்றாட வேலை. கோடையில் புல் கருகினால் பனையோலையைக் கிழித்து மாட்டுக்குப் போடுவார்கள். கையில் காசிருந்தால் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் சேரும். ஆடும் மாடும் தின்னும் இந்த இலைகளுக்கு ஆய்விதழ்களிலும் ஒரு வாழ்வு உண்டு. இப்பில் இப்பிலைப் பற்றி உலகெங்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். பனையோலை மாட்டின் வயிற்றில் எப்படிச் செரிக்கிறது என்று தேடிப் போனால் அகப்படுவது சொற்பம். எதைப் பற்றி எவ்வளவு எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார்கள், எப்போது பெருகுகிறது, எப்போது வற்றுகிறது என்று அளந்து பார்க்கும் துறை நூறாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. அந்தத் துறையின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கால்நடை அறிவு அதன் கணக்கில் ஏன் ஏறவில்லை என்பதும் விளங்கும்.

எண்ணும் வேலை விலங்கியலில்தான் தொடங்கியது. 1917இல் பிரித்தானிய விலங்கியலாளர்களான எஃப். ஜே. கோல், நெல்லி ஈல்ஸ் இருவரும் 1543 முதல் 1860 வரை ஒப்பீட்டு உடற்கூற்றியலில் அச்சேறியவற்றைத் திரட்டினார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகள். அவற்றை ஆண்டுவாரியாகவும் விலங்குக் குழுவாரியாகவும் நாடுவாரியாகவும் பிரித்து வரைபடமாக்கினார்கள். கணினி இல்லாத காலத்தில், ஒவ்வொரு நூற்பெயரையும் கையால் பதிந்து செய்த வேலை அது. ஓர் அறிவுத்துறையின் ஏற்ற இறக்கத்தை அதன் வெளியீடுகளின் எண்ணிக்கையிலிருந்தே படிக்கலாம் என்பதை அந்த வரைபடம் காட்டியது.

கால்நடைப் போசணை ஆய்வுக்கு அப்போதே அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது. 1860களில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு அருகே, வேண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னபேர்க், ஸ்டோமன் ஆகியோர் தீவனத்தை நீர், சாம்பல், புரதம், கொழுப்பு, நார் எனப் பிரித்தறியும் முறையை வகுத்தார்கள். இன்று தெல்லிப்பழைச் சந்தியில் ஒரு கோழித்தீவனப் பையை வாங்கி, அதில் தைத்திருக்கும் சீட்டைப் பார்த்தால் புரதம் இத்தனை வீதம், நார் இத்தனை வீதம் என்று இருக்கும். அந்தப் பட்டியலின் பூர்வீகம் வேண்டேதான். அளக்க ஒரு பொதுமுறை கிடைத்ததும் கட்டுரைகள் பெருகின. பெருகியவற்றை ஒருவரே படித்து முடிக்க இயலாத நிலை வந்தபோது, 1931இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்த ரோவெற் ஆய்வு நிறுவனத்திலிருந்து போசணை ஆய்வுச் சுருக்கங்களுக்கென்றே ஓர் இதழ் வெளிவரத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் தலைவர் ஜோன் பாய்ட் ஓர். பின்னாளில் உலக உணவு விவசாய நிறுவனத்தின் முதல் பணிப்பாளர் நாயகமாகி, 1949இல் சமாதான நோபல் பரிசு பெற்றவர். இதழ் தொடங்கியபோது மனிதப் போசணையும் விலங்குப் போசணையும் ஒரே தொகுப்பில் வந்தன. 1977இல் கால்நடைத் தீவனத்துக்குத் தனித் தொகுதி பிரிந்தது. ஒரு துறை தன் காலில் நிற்கும் அளவுக்கு எழுத்து பெருகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதற்கிடையே எண்ணும் கலைக்குக் கணிதம் வந்து சேர்ந்தது. சிலர் நிறைய எழுதுகிறார்கள், பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள் என்பதற்கு 1926இல் லொட்கா ஒரு சூத்திரம் தந்தார். ஒரு பொருளைப் பற்றிய கட்டுரைகள் சில இதழ்களில் செறிந்தும் மிகப் பல இதழ்களில் சிதறியும் கிடக்கின்றன என்று 1934இல் பிராட்ஃபோர்ட் காட்டினார்.

தமிழர் பெருமையோடு நினைக்க வேண்டிய பெயர் இங்கேதான் வருகிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர், நூலகத்தையும் கணிதக் கண்ணோடுதான் பார்த்தார். 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் கூடிய மாநாட்டில், நூல்களையும் வாசகர்களையும் நூலகப் பணிகளையும் புள்ளியியல் கொண்டு அளக்க ஒரு தனித்துறை வேண்டும் என்று எடுத்துரைத்தார். மேலைநாட்டார் இத்துறைக்கு இன்றைய பெயரைச் சூட்டியது 1969இல்தான். இன்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நூலக அறிவியல் துறைகளில் வெளியீட்டுப் போக்குகளை அளக்கும் ஆய்வேடுகள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதற்கு அவர் போட்ட அத்திவாரமே காரணம். அந்த ஆய்வேடுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு கணக்கு 1983இல் கே. சுப்ரமண்யம் தந்தது: பலர் சேர்ந்து எழுதிய கட்டுரைகளின் தொகையை மொத்தக் கட்டுரைகளின் தொகையால் வகுத்தால் கூட்டுழைப்பின் அளவு கிடைக்கும். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. ஆனால் ஒரு துறை தனியாள் முயற்சியிலிருந்து குழு முயற்சிக்கு மாறிய தடத்தை அது துல்லியமாகக் காட்டிவிடும்.

1940களின் இறுதியில் சிங்கப்பூர் ரஃபிள்ஸ் கல்லூரியில் கற்பித்த டெரெக் பிரைஸ், லண்டன் ரோயல் சங்கத்தின் பழைய ஆய்விதழ்த் தொகுதிகளைப் பத்தாண்டு வாரியாகச் சுவரோரம் அடுக்கினார். அடுக்குகளின் உயரம் கூட்டுவட்டி போல ஏறிச் சென்றதைக் கண்டார். அறிவியல் இலக்கியம் குறிப்பிட்ட கால இடைவெளியில் இரட்டிப்பாகிறது என்ற அவருடைய கருத்து அப்படிப் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் யூஜீன் கார்ஃபீல்ட் மேற்கோள் அட்டவணையை உருவாக்கினார். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை எடுத்தாண்டது என்பது அதில் பதிவானது. முதல் அட்டவணையில் இடம்பெற்றவை 613 இதழ்கள் மட்டுமே. அந்த 613இல் இல்லாத இதழில் எழுதியவருடைய உழைப்பு, அட்டவணையைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

கால்நடைப் போசணையில் இந்த அளவுகோல் எதைக் காட்டுகிறது? ஆய்வாளரின் ஆர்வம் மட்டும் துறையை நகர்த்துவதில்லை. சட்டமும் சந்தையும் நகர்த்துகின்றன. 1991இல் தானியங்களில் கட்டுண்டு கிடக்கும் பொசுபரசை விடுவிக்கும் ஃபைட்டேஸ் நொதியம் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் கோழி, பன்றித் தீவன ஆய்வுகளில் அது தனிக்கிளையாகவே வளர்ந்தது. 2006 ஜனவரி 1 முதல், வளர்ச்சியைத் தூண்டத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முற்றாகத் தடுத்தது. நன்மை தரும் நுண்ணுயிரிகள், மூலிகைச் சாறுகள் பக்கம் ஆய்வு திரும்பியது. அதே ஆண்டில் கால்நடை வளர்ப்பு சூழலுக்குத் தரும் சுமை பற்றி உலக உணவு விவசாய நிறுவனம் பேரறிக்கை வெளியிட, மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மெதேன் ஆய்வின் நடுவுக்கு வந்தது. இத்தனை அலைகளுக்கும் அடியில் அசையாமல் நிற்கும் கட்டுரையும் உண்டு. 1991இல் வான் சூஸ்ட்டும் உடனுழைத்தோரும் தீவன நாரை அளக்கும் முறை பற்றி எழுதியது, கால்நடை அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் ஒன்று. முறையைச் சொல்லும் கட்டுரையை முறையைப் பயன்படுத்தும் எல்லாரும் குறிப்பிட்டாக வேண்டும். மேற்கோள் தொகையைப் பார்த்து மயங்குவோர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலியோர இப்பில் இப்பிலின் கதை இன்னும் சுவையானது. அதில் மிமோசின் என்ற நச்சு உண்டு. அளவு மீறித் தின்ற மாடுகளுக்கு அவுஸ்திரேலியாவில் மயிர் உதிர்ந்தது, கழலை கண்டது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ தாராளமாகத் தின்றும் நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் காரணத்தைப் பிடித்தார்: ஹவாய் ஆடுகளின் முன்வயிற்றில் அந்த நச்சைச் சிதைக்கும் பக்டீரியா இருந்தது. அதை அவுஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றிக் காட்டினார். 1992இல் அந்த நுண்ணுயிரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஒரு வேலிமரத்தின் இலை இப்படி உலக இலக்கியத்தில் இடம்பிடித்ததற்குக் காரணம், செல்வ நாடொன்றின் மாட்டுப்பண்ணைகளுக்கு அது தேவைப்பட்டது.

இலங்கைப் பக்கம் வருவோம். கொழும்பில் 1881இல் ஜோன் ஃபெர்குசன் தொடங்கிய ‘ட்ரொபிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ இந்நாட்டு விவசாய எழுத்தின் மூத்த இதழ். கால்நடைத் தீவன ஆய்வு வலுப்பெற்றது பேராதனையில். 1980களில் நெதர்லாந்தின் உதவியோடு வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் நடந்தது. ஸ்கீரே, இப்ராகிம் ஆகியோர் பங்குகொண்ட அதன் அறிக்கைகள் 1989இல் வாகனிங்கனில் தொகுப்பாக அச்சேறின. முறை எளிது: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ அளவில் யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிச் சில வாரம் வைத்தால் நார் இளகும், நைதரசனும் ஏறும். தொகுப்பு அச்சான மறு ஆண்டில் வடக்கில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கப்பட்ட பொருட்களில் உரவகைகளும் அடங்கின. அறிக்கைகள் அச்சேறின. யூரியா தெல்லிப்பழைக்கு வந்து சேரவில்லை. வெளியீட்டைக் கொண்டு பயனையும் அளந்துவிடலாம் என்று நம்புவோருக்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

நாடுவாரிக் கணக்கிலும் சிக்கல் உண்டு. வேல்முருகு ரவீந்திரன் பேராதனையில் ஏ. எஸ். பி. ராஜகுருவோடு உழைத்தவர். தேங்காய்ப் புண்ணாக்குக்குப் பதிலாக மரவள்ளி இலைத்தூளை இறைச்சிக்கோழித் தீவனத்தில் சேர்த்துப் பார்த்த அவர்களுடைய ஆய்வு 1986இல் ‘பவுல்ட்ரி சயன்ஸ்’ இதழில் வந்தது. அதில் அமெரிக்காவின் வெர்ஜினியா டெக் ஆய்வாளர்களும் பங்காளிகள். முழுக்கணக்கு முறையில் அக்கட்டுரை இரு நாட்டுக்கும் ஒவ்வொன்றாக ஏறும். பங்குக்கணக்கு முறையில் எழுதியவர் தொகைக்கு ஏற்பப் பிரியும். முறையை மாற்றினால் நாட்டின் இடமும் மாறிவிடும். ரவீந்திரன் பின்னர் சிட்னிக்கும், அங்கிருந்து நியூசிலாந்தின் மாசிப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று கோழிப் போசணையில் உலகறிந்த பெயரானார். அந்தக் கட்டுரைகள் எல்லாம் அந்நாடுகளின் கணக்கில் சேர்ந்தன. புலம்பெயர்ந்த அறிவை எந்த நாட்டுப் பத்தியில் எழுதுவது என்பதற்கு இந்த அளக்கும் துறையிடம் இன்னும் நல்ல விடை இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கியது 1990இல். போர் அதை இடம்பெயர்த்தது. போர் ஓய்ந்த பிறகே அது மீண்டும் கிளிநொச்சியின் அறிவியல்நகரில் காலூன்றியது. அதே 1990இன் நடுவில் தெல்லிப்பழை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலையும் தொழுவத்து மாடுகளையும் விட்டு வெளியேறினார்கள். உயர்பாதுகாப்பு வலயமான அந்தக் காணிகள் கட்டங்கட்டமாகத்தான் விடுவிக்கப்பட்டன. அந்த நெருக்கடிக்குள்ளும் 1991இல் யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் உருவாகி ஆண்டமர்வுகளை நடத்தியது, மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வறிக்கைகளை எழுதினார்கள். மின்சாரமும் கடதாசியும் இல்லாத நகரில் செய்த ஆய்வு அது. பன்னாட்டு அட்டவணைகளில் தேடினால் அதன் பெரும்பகுதி வெற்றிடமாகத் தெரியும். அதே காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஈ. ஆர். யான்ஸ் குழுவினர் பனம்பழக் களியின் கசப்புப் பொருட்களை ஆராய்ந்து எழுதினார்கள். பழத்துக்குக் கிடைத்த கவனம் மாடு தின்னும் ஓலைக்குக் கிடைக்கவில்லை.

2015இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான லைடன் அறிக்கை, ஆய்வை மதிப்பிடப் பத்து நெறிகளை முன்வைத்தது. உள்ளூருக்குத் தேவையான ஆய்வின் மேன்மையைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நெறி நல்லது. ஆனால் காப்பதற்கு முன் எது இருக்கிறது என்று தெரிய வேண்டும். 1981இல் யாழ் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களை இழந்த சமூகம் இது. என். செல்வராஜா 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஆகிய இரண்டும் அந்த இழப்புக்கு நடுவே எழுந்த பெரும் பணிகள். இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் அவை செய்ததைக் கால்நடை அறிவுக்கும் செய்யலாம்.

தெல்லிப்பழை அதற்குப் பொருத்தமான இடம். 1816இல் தொடங்கிய யூனியன் கல்லூரியும் 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாஜனாக் கல்லூரியும் இங்கே இருக்கின்றன. அவற்றின் பழைய மாணவர் உலகெங்கும் பரந்திருக்கிறார்கள். கால்நடைத் திணைக்களத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றோர், பல்கலைக்கழகத்தில் தீவனம் பற்றி ஆய்வறிக்கை எழுதியோர், பண்ணையாளர் சங்கங்களில் கணக்கு வைத்தோர் ஆகியோரின் பெட்டிகளில் துண்டுப்பிரசுரங்களும் பயிற்சிக் குறிப்புகளும் கறையான் தின்னக் காத்துக் கிடக்கின்றன. இவற்றைப் பட்டியலிட ஐந்து விவரம் போதும்: ஆண்டு, எழுதியவர், விலங்கு, தீவனம், இடம். விவசாய பீடமும் பல்கலைக்கழக நூலகமும் இதை ஒரு கூட்டுத்திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை, அத்தகைய தாள் ஒன்று வீட்டில் இருக்குமானால் எறிந்துவிடாதீர்கள். படியெடுத்து அருகிலுள்ள நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.